தெருமுனையில் ஒரு கரும்பலகை வைப்பது எப்படி

கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் காசிமேட்டு விசைப்படகுகளுக்குப் பெயரும் எழுதிப் பிழைத்தவன் நான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளின் நெற்றியில் இருந்த எழுத்தை யார் எழுதியது என்று ஒரு காலத்தில் கேட்டிருந்தால், என் பெயரையோ என் குருநாதர் பெயரையோ சொல்லியிருப்பார்கள். ஃபிளெக்ஸ் வந்தது, தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன். இப்போது சென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கரும்பலகையில் தினமும் காலை ஆறு மணிக்கு எழுதுவதுதான் எனக்கு மிச்சமிருக்கும் எழுத்து வேலை. சம்பளம் கிடையாது. டீக்கடைக்காரர் முதல் டீக்குக் காசு வாங்குவதில்லை. இரண்டாவதுக்கு வாங்கிவிடுவார்.

பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து நின்று பார்த்துவிட்டு, “அண்ணே, எங்கள் தெருவுக்கும் ஒன்று செய்து கொடுங்கள்” என்கிறார்கள். பலகை செய்வது அரை நாள் வேலை, செய்தும் கொடுத்தேன். மூன்றில் இரண்டு இப்போது பழைய சைக்கிளுக்கு முட்டுக் கொடுத்து நிற்கின்றன. பலகையைக் கொடுத்தேனே தவிர, அதில் என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பலகை ஒரு தெருவிளக்கில் தொடங்கியது. மாவு மில்லுக்கு எதிர்க் கம்பத்தில் விளக்கு எரியாமல் பதினாறு நாள் போய்விட்டது. ஒரு நாள் இரவு, டியூஷன் முடிந்து வந்த பெண் குழந்தை பள்ளத்தில் காலை விட்டு விழுந்தாள். மறுநாள் காலை நான் வீடு வீடாகப் போய், “புகார் கொடுத்தீர்களா?” என்று கேட்டேன். பதினொரு வீடு. எல்லோரிடமும் ஒரே பதில்: “யாராவது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.” நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கே மாநகராட்சியின் புகார் எண் 1913க்குப் போன் செய்து, புகார் எண்ணை ஒரு பழைய சிலேட்டில் எழுதி டீக்கடை ஆணியில் மாட்டினேன். அதுதான் முதல் பலகை. போனில் குழு இருக்கிறதே என்பார்கள். எங்கள் தெருவுக்கும் இருக்கிறது. அதில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே புகார் எண்ணைத் தேடுவது, மீன் மார்க்கெட்டில் தொலைத்த மூக்குத்தியைத் தேடுவது போல. அடிபம்பில் தண்ணீர் பிடிக்கிற ஆயாக்கள் போன் பார்ப்பதில்லை. பலகையைப் பார்க்கிறார்கள், எழுத்து தெரியாதவர்கள் தெரிந்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

பலகை

நான்கு அடிக்கு மூன்று அடி போதும். பெரிதாக வைத்தால் நிரப்ப வேண்டியிருக்கும்; நிரப்புவதற்காக எழுதுகிற செய்தி வம்பில் முடியும். சாதாரண பிளைவுட் வாங்காதீர்கள். கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்று ஆறே மாதத்தில் ஓரங்களை அப்பளம் போல் ஊதவைத்துவிடும். மெரைன் பிளை, 12 மில்லிமீட்டர். பணம் இல்லையென்றால் பள்ளியில் கழித்துப் போட்ட பலகை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், அது இன்னும் நல்லது.

ஓரங்கள்தான் முதலில் சாகும். ஆகவே முகத்துக்கு முன்னால் நான்கு ஓரங்களுக்கும் பிரைமரை இரண்டு கை அடியுங்கள். காய்ந்ததும் முகத்தில் ஒரு கை பிரைமர், உப்புத்தாளில் லேசாகத் தேய்ப்பு, அப்புறம் கரும்பலகை பெயிண்ட் இரண்டு கை. இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும். முதல் கையை இடமிருந்து வலமாக அடித்தால் இரண்டாவதை மேலிருந்து கீழாக அடியுங்கள். பளபளக்கும் எனாமல் கருப்பை அடித்துவிட்டு, “சாக்பீஸ் பிடிக்கவில்லையே” என்று வருகிறவர்கள் உண்டு. அதில் சாக்பீஸ் சறுக்கத்தான் செய்யும். என் குருநாதர் காலத்தில் அடுப்புக்கரியையும் ஊமத்தை இலையையும் சேர்த்து அரைத்துத் தேய்ப்பார்கள். மங்கிப்போன பலகைக்கு இன்றைக்கும் அது கைகொடுக்கும், கையைக் கழுவ வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பெயிண்ட் காய்ந்தவுடன் எழுதத் தொடங்காதீர்கள். ஒரு முழு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் வெள்ளையாகும்வரை தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் முதல் நாள் எழுதிய எழுத்து எத்தனை முறை துடைத்தாலும் ஆவி போலத் தெரிந்துகொண்டே இருக்கும். நான் செய்து கொடுத்த ஒரு தெருவில், ஒரு வருடம் கழித்தும் “திறப்பு விழா” என்ற எழுத்து இரங்கல் செய்திக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே நான்கு அங்குலப் பட்டையிலும் கீழே நான்கு அங்குலப் பட்டையிலும் எனாமலில் நிரந்தரமாக எழுதிவிடுங்கள். மேலே தெருப் பெயர், வார்டு எண், மண்டலம். இதை விளையாட்டாக நினைக்காதீர்கள். 2011இல் மாநகராட்சியை விரிவாக்கி 15 மண்டலம், 200 வார்டு என்று ஆக்கியபோது எண்கள் எல்லாம் மாறின. எங்கள் தெருப் பெரியவர்கள் இன்னும் பழைய வார்டு எண்ணைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பிரிப்பில் தண்டையார்பேட்டை 4ஆவது மண்டலம், ராயபுரம் 5ஆவது மண்டலம். எல்லையோரத் தெருக்காரர்கள் இதைக் குழப்பிக்கொண்டால் புகார் இங்கும் அங்கும் அலையும்.

கீழ்ப் பட்டையில் தொலைபேசி எண்கள், மஞ்சள் எனாமலில். மாநகராட்சி 1913. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையைக் கட்டி முடித்த ஆண்டும் 1913தான் என்று சொல்லி வைத்தேன், பிள்ளைகள் மறப்பதில்லை. குடிநீர், கழிவுநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் 044 45674567. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. முதல்வர் உதவி மையம் 1100. இந்த நான்கும் போதும். ஆம்புலன்ஸ், போலீஸ் எல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

இடம்

மாநகராட்சிச் சுவரிலோ பள்ளி மதிலிலோ மின்கம்பத்திலோ மாட்டாதீர்கள். பொது இடங்களை அலங்கோலமாக்குவதைத் தடுக்க இங்கே 1959ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. சுவரெழுத்துக்காரனான எனக்கு அதை யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. ஒரு தனியார் சுவர், சொந்தக்காரரின் சம்மதம், முடிந்தால் மேலே ஒரு சின்னத் தகரச் சார்ப்பு. அரசியல் கட்சிக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். எழுதியது யார் என்று பார்ப்பதற்கு முன்னால் எந்தக் கொடி என்று பார்ப்பார்கள். கோவில் வாசலில் வைத்தால் மசூதித் தெருக்காரர் நின்று படிக்கத் தயங்குவார். டீக்கடை, மாவு மில், இஸ்திரி வண்டி: இந்த மூன்றில் ஒன்றின் பக்கம் வையுங்கள். காத்திருக்கிறவர்கள்தான் படிப்பார்கள். எங்களுடையது டீக்கடைக்கும் கேரம் மன்றத்துக்கும் நடுவே இருக்கிறது. சாக்பீஸ் டப்பா மன்றத்துப் பையன்களிடம். கேரம் பலகைக்குப் போடும் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில். ஒரு முறை மாற்றி எடுத்துவிட்டேன், அதை விடுங்கள்.

உயரம்: பலகையின் நடுப்பகுதி ஒரு நடுத்தர உயரப் பெண்ணின் கண்ணுக்கு நேராக வர வேண்டும். போர்டு எழுதுகிற ஆண்கள் எல்லோரும் தங்கள் கண்ணுக்கு அளவெடுத்து மாட்டிவிடுகிறார்கள். தண்ணீர்க் குடத்தோடு வருகிறவர் அண்ணாந்து படிக்க மாட்டார்.

எழுத்து

பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. தமிழுக்கு நான் அதை ஒன்றரை ஆக்கிக்கொள்வேன். ண, ன, ழ, ளை, லை எல்லாம் சுழி நிறைந்தவை. சிறிதாக எழுதினால் சாக்பீஸ் தூளில் சுழி அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்த பலகை முழுதாகக் காயும்வரை எழுதாதீர்கள். நூலில் சாக்பீஸ் தூள் தடவி இரு முனையும் இழுத்துப் பிடித்து அடித்தால் நேர்க்கோடு கிடைக்கும். கோடு இல்லாமல் எழுதினால் ஆறாவது வரி மலையேறும்.

இப்போது முக்கியமான ஒன்று. இதை நான் என் தவறிலிருந்து கற்றேன். ஒரு திங்கட்கிழமை மாலை, “செவ்வாய் காலை தண்ணீர் லாரி வராது” என்று எழுதினேன். பலகையின் வலது ஓரம் டீக்கடைப் பக்கம். யாரோ சாய்ந்து நின்று டீ குடித்திருக்கிறார். “வராது” அவர் சட்டையோடு போய்விட்டது. மறுநாள் காலை ஐந்தரைக்கு நாற்பது குடம் வரிசையில். மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய மீன்காரம்மா ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு என்னிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது. தமிழில் ‘இல்லை’யும் ‘வராது’ம் வரியின் கடைசியில் வந்து உட்காரும். பலகையில் முதலில் அழிவதும் வரியின் கடைசிதான். ஆகவே இல்லை என்பதை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்: “லாரி இல்லை: செவ்வாய் காலை.” “மின்தடை: வியாழன் 9 முதல் 2 வரை.” இலக்கணம் கொஞ்சம் முறைக்கும், குடங்கள் வரிசையில் நிற்காது.

மேலே என்ன, கீழே என்ன

பலகையை மூன்றாகப் பிரிக்கிறேன். மேலே அன்றைய நாள்: தண்ணீர், மின்தடை, ரேஷன் கடையில் பருப்பும் பாமாயிலும் வந்ததா. கீழே ஊர்க் காரியம்: யார் வீட்டில் துக்கம், எடுப்பது எத்தனை மணிக்கு, அம்மன் கோவிலில் ஆடிக் கூழ் எந்த ஞாயிறு, மாதா கோவில் தேர் எந்தத் தெரு வழியாக, காணாமல்போன பூனை. நடுவில் புகார்கள். ஏன் நடுவில் என்றால், மக்கள் லாரியைப் பார்ப்பார்கள், சாவைப் பார்ப்பார்கள். புகாரைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண் போகிற வழியில் புகார் படுத்திருக்க வேண்டும்.

புகார் வரி எப்போதும் ஒரே அச்சில் இருக்கட்டும். என்ன, எங்கே, புகார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், நாள். முழு எண்ணையும் கொடுத்தவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவரின் பெயரோ போன் எண்ணோ பலகையில் வரவே கூடாது. குறிப்பாகப் பெண்களுடையது.

“நாள்” என்பதுதான் இந்தப் பலகையின் உயிர். புகார் கொடுத்த தேதியை எழுதினால் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. “நாள் 9” என்று எழுதுங்கள். மறுநாள் 9ஐ அழித்து 10 ஆக்குங்கள். அந்த ஓர் எண்ணை மட்டும் மஞ்சள் சாக்பீஸில் எழுதுகிறேன். நாள் 12 ஆகும்போது டீக்கடையில் பேச்சு வரும். 15 ஆகும்போது யாராவது நான் கேட்காமலே மறுபடி போன் செய்திருப்பார்கள். ஒரு முறை அந்த வழியாகப் போன பொறியாளர் ஒருவர் வண்டியை நிறுத்தி, 21 என்ற எண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, “இது எந்தக் கம்பம்?” என்று கேட்டார். கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னேன். மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. விளக்குப் புகாருக்குக் கம்ப எண் கட்டாயம். “மாவு மில்லுக்கு எதிரே” என்பது நமக்குத் தெரியும், ஏணியோடு வருகிறவருக்குத் தெரியாது.

எது யாருடையது

பாதிப் புகார் தவறான வாசலைத் தட்டுவதால்தான் வீணாகிறது. நானே ஒரு வாரம் தட்டியிருக்கிறேன். எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கி நின்றது. சாக்கடை என்றால் மாநகராட்சி என்று நினைத்து அங்கேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அது மெட்ரோ வாட்டருடைய வேலை. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, வீட்டுக் கழிவுநீர் போகும் பாதாளச் சாக்கடையும் குடிநீரும் மெட்ரோ வாட்டருக்கு. தெருவிளக்கு மாநகராட்சிக்கு, வீட்டு மின்சாரம், டிரான்ஸ்ஃபார்மர், நடைபாதையில் கதவு திறந்து கிடக்கும் பில்லர் பெட்டி (மின் இணைப்புப் பெட்டி) எல்லாம் மின்வாரியத்துக்கு. குப்பை மாநகராட்சிக்கு.

தேங்கிய தண்ணீர் எதனுடையது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. மழையே இல்லாத நாளில், தெரு நடுவில் இருக்கும் வட்ட மூடியிலிருந்து பொங்கி நாறினால் பாதாளச் சாக்கடை. மழைக்குப் பிறகு தெரு ஓரத்தில், வடிகாலின் கான்கிரீட் மூடிகளை ஒட்டித் தேங்கினால் மழைநீர் வடிகால். காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் சாலையில் ஊறி, விடும் நேரம் முடிந்ததும் நின்றுவிட்டால், அது குடிநீர்க் குழாய்க் கசிவு. இந்த மூன்றாவதை அலட்சியமாக விடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே கசிகிற ஓட்டை வழியாகத்தான், குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில், வெளியே இருக்கும் சாக்கடை உள்ளே போகும். மோட்டார் வைத்துக் குழாயை உறிஞ்சுகிற வீடு தெருவில் ஒன்று இருந்தாலும் இது இன்னும் மோசமாகும். அந்த வீட்டைப் பலகையில் எழுதாதீர்கள், போய்ப் பேசுங்கள்.

குழாய்த் தண்ணீர் நாறினால் செய்ய வேண்டியது: முதல் குடத்துத் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, நேரத்தை எழுதி ஒட்டுங்கள். எத்தனை வீட்டில் நாற்றம், எத்தனை வீட்டில் இல்லை என்று எண்ணுங்கள். நாறும் வீடுகளும் நாறாத வீடுகளும் சந்திக்கும் இடம் எது என்பது தெரிந்தால், தோண்ட வருகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். சோதனைக்கு வருகிறவர் தண்ணீரில் மருந்து விட்டுப் பார்ப்பார். மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் அன்றைக்கே பலகையில் பெரிய எழுத்தில்: “காய்ச்சிக் குடியுங்கள்.” குழாய்த் தண்ணீரைப் பற்றி வதந்தி எழுதக் கூடாது, ஆனால் காய்ச்சச் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பாதாளச் சாக்கடை அடைத்தால் ஒரு காரியத்தை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். ஐந்நூறு ரூபாய் கொடுத்து யாரையாவது மூடியைத் திறந்து இறக்குவது. எங்கள் தெருவில் ஒருவர் அப்படி ஆள் கூட்டி வந்துவிட்டார், “நமக்கு அவசரம்” என்றார். மூடியின் மேல் நான் போய் நின்றுகொண்டேன். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டி வரும்வரை நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

பெயர் எழுதுவது

முதல் வருடம் எனக்குச் சூடு அதிகம். ஓர் அலுவலகத்து அதிகாரியின் பெயரைப் போட்டு, “இன்னும் உறக்கமா?” என்று எழுதினேன். எழுத்து அழகாக இருந்தது, எல்லோரும் படம் எடுத்தார்கள். அவர் இரண்டு வாரம் முன்பே மாற்றலாகிப் போயிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. புதிதாக வந்தவர் அந்தப் பலகையைத் தனக்கான வரவேற்பாக எடுத்துக்கொண்டார். அந்தக் கசப்பு தீர ஆறு மாதம் பிடித்தது. அன்றிலிருந்து பதவியைக்கூட எழுதுவதில்லை. என்ன, எங்கே, எண், நாள். கோபத்தை அந்த நாள் எண் பார்த்துக்கொள்ளும்.

நன்றிக்கும் பெயர் போடாதீர்கள் என்பேன். கவுன்சிலருக்கு நன்றி என்று போட்டால் எதிர்க்கட்சிக்காரர் அடுத்த நாள் துடைப்பார். அவருக்கும் போட்டால் யார் பெயர் மேலே என்று சண்டை. விதிவிலக்கு ஒன்று வைத்திருக்கிறேன். மழையில் நின்று அடைப்பெடுத்த தூய்மைப் பணியாளர்கள், கம்பத்தில் ஏறிய லைன்மேன் போன்றவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரை எழுதுவேன். ஒரு அம்மா தன் பெயர் இருந்த பலகையைக் காட்ட மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பலகையைத் துடைக்க மனம் வரவில்லை, லாரி நேரத்தை மட்டும் ஓரத்தில் மாற்றினேன்.

வேலை முடிந்தால் “முடிந்தது” என்று எழுதுங்கள், அதுவும் உங்கள் கண்ணால் பார்த்த பிறகு. எந்த அலுவலகத்துப் புகாராக இருந்தாலும், முடிந்துவிட்டது என்று போனில் குறுஞ்செய்தி வந்தவுடன் அழித்துவிடாதீர்கள். போய்ப் பாருங்கள். முடியாமல் இருந்தால் பழைய எண்ணைச் சொல்லி மறுபடி பதிவு செய்யுங்கள். நாள் கணக்கை மட்டும் ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள். முடிந்த வரியை ஒரு வாரம் அப்படியே விட்டுவையுங்கள். அடுத்த புகாரைக் கொடுக்க ஒருவருக்குக் கை வருவது அந்த வரியைப் பார்த்துத்தான்.

நாள் 60ஐத் தாண்டினால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் விண்ணப்பம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட். 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் செய்யவில்லை?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர அவர்களுக்குக் கடமை இல்லை. “இன்ன எண்ணுள்ள புகார் மீது எடுத்த நடவடிக்கையின் நகல், பணி ஆணையின் நகல், பணி முடித்ததாகப் பதிவான தேதி” என்று ஆவணமாகக் கேளுங்கள். நான் ஏழு ஆண்டில் இரண்டு முறைதான் இதைக் கையில் எடுத்தேன். வார்டு மக்கள் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது என்று தெரிந்தால் அதற்கும் போகலாம். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள், நாள் கணக்கோடு பேசுகிறவரை உட்காரச் சொல்வது கடினம்.

மழைக்காலம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்தில் நடுப்பகுதி முழுவதையும் வடிகாலுக்குக் கொடுத்துவிடுங்கள். நானும் மன்றத்துப் பையன்கள் இருவரும் தெருவின் இரு ஓரமும் நடந்து, எந்த வீட்டு வாசலில் வடிகாலுக்குத் தண்ணீர் இறங்கும் ஓட்டை அடைத்திருக்கிறது என்று எண்ணுவோம். போன முறை பதினேழில் ஆறு. ஒன்றை அடைத்திருந்தது எங்கள் வீட்டு வாசல் சிமென்ட்டுதான். உடைத்துவிட்டேன், மனைவி கோபித்துக்கொண்டாள். வடிகாலைத் தூர்வாரி எடுக்கும் சேற்றைச் சில நாள் ஓரத்திலேயே காயவைப்பார்கள். அதற்குள் ஒரு மழை வந்தால் அது வந்த வழியே உள்ளே போய்விடும். எனவே “தூர்வாரியது” என்பது ஒரு வரி, “சேறு எடுக்கவில்லை: நாள் 3” என்பது இன்னொரு வரி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரம் போனது, பிறகு போன்களும் செத்தன. குழு, செயலி, வீடியோ எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. பலகை இருந்த சுவரில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றதால், அதைக் கழற்றி மன்றத்தின் மாடிப்படிக்குக் கொண்டுபோனோம். ஈரப் பலகையில் சாக்பீஸ் ஒட்டவில்லை. வீட்டில் மிச்சமிருந்த வெள்ளை எனாமலைச் சின்னத் தூரிகையில் தொட்டு எழுதினேன், நாற்பது வருடம் படகுக்கு எழுதிய கை. பால் எந்தக் கடையில், எத்தனை பாக்கெட். எந்த வீட்டு மாடியில் சமையல். எந்தக் கம்பத்துப் பக்கம் போகக் கூடாது. எந்த வீட்டில் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண் இருக்கிறாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆட்கள் படியேறி வந்து படித்தார்கள். ஒரு வரி மாறும்போதெல்லாம் பையன்களில் ஒருவன் சத்தமாகப் படித்துக்கொண்டே தண்ணீரில் தெருக்கோடிவரை நடந்து வருவான். அந்த எனாமலைச் சுரண்டி எடுக்க ஜனவரியில் இரண்டு நாள் ஆனது. பலகையை முழுதாகத் தேய்த்து மறுபடி இரண்டு கை கருப்பு அடித்தேன். மழை முடிந்த தை மாதத்தில் இப்படி ஒரு கை அடிப்பது நல்ல பழக்கம், புயல் வந்தாலும் வராவிட்டாலும்.

கடைசியாக, எழுத ஆள். ஒருவர் மட்டும் எழுதும் பலகை அவருக்குக் காய்ச்சல் வந்தால் நின்றுவிடும். அன்று பள்ளத்தில் விழுந்த குழந்தைதான் இப்போது சனி, ஞாயிறு எழுதுகிறாள். கல்லூரியில் முதல் வருடம். அவளுடைய ழகரத்தின் வால் பக்கத்து வரிவரை போகிறது, சொன்னால் “அதுதான் தாத்தா அழகு” என்கிறாள். சரியாக எழுதத் தெரிந்தவரைத் தேடாதீர்கள். காலை ஆறு மணிக்கு எழுந்திருப்பவரைத் தேடுங்கள். எழுத்தை ஒரு மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இந்த ஞாயிறு காலை அவள் எழுதி வைத்தது இது. அச்சு தெரியட்டும் என்று அப்படியே கொடுக்கிறேன்:

லாரி: காலை 7, மாலை இல்லை
மின்தடை: புதன் 9 முதல் 2 வரை
ரேஷன்: பாமாயில் உண்டு, பருப்பு இல்லை

குடிநீர்க் கசிவு, இஸ்திரி வண்டி அருகே, 4471, நாள் 6
பில்லர் பெட்டிக் கதவு, 3ஆவது சந்து, 0928, நாள் 14 (குழந்தைகள் அருகே போக வேண்டாம்)
விளக்கு, மாவு மில் எதிரே, முடிந்தது

துக்கம்: மாடிவீட்டுப் பெரியம்மா, மாலை 4 மணி
கேரம் போட்டி பெயர் கொடுக்க இன்று கடைசி
சாம்பல் பூனை கிடைத்துவிட்டது

இல்லை, வேண்டாம் இரண்டையும் அவள் வரிக் கடைசியில் விட்டிருக்கிறாள். வலது பக்கம் யாரும் சாயாதபடி ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு வந்தேன், புதன்கிழமைக்குள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.